நியூ மோல்டன் கோச்சி லேட்டாம்

"நியூ மோல்டனில சிக்னல் பிழையாம் தம்பி. பதின்மூண்டு நிமிசம் லேட்."

கந்தளாய் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில் இது. கேட்டவரின் தோளில் உரப்பை, கையில் அழுகிற பிள்ளை. பதில் சொன்னவர் திருமலை பஸ் நிலையத்துப் பக்கம் தேத்தண்ணிக்கடை வாங்கில் போனும் பிளேன்டியுமாக இருக்கிறார். கச்சேரி வேலையில் இருந்து இளைப்பாறியவர், மகன் லண்டனில். இப்படியொருவர் இல்லாத வாங்கு திருமலையில் இல்லை.

இங்கிலாந்தில் காலை ஏழரை என்றால் இங்கே பகல் பன்னிரண்டு. அங்கே ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் திருப்பிவிட்டால் இங்கே ஒரு மணி. மகன் நியூ மோல்டனில் ரயில் ஏறி வோட்டர்லூவில் இறங்கும்வரை இவருக்குப் பசிக்காது. ஆகையால் வீட்டில் சோறு கோடையில் ஒரு மணிக்கு, மாரியில் இரண்டுக்கு. வருசத்தில் இரண்டு தரம் உலை வைக்கிற நேரம் ஏன் மாறுகிறது என்று அவர் மனைவி கேட்பதை விட்டு வெகுகாலம்.

தாமதம் அல்ல, தாமதத்தின் காரணம்தான் இவருக்கு உயிர். இலையுதிர் காலம் வந்துவிட்டால் வாங்கில் இவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடக்கும். "தண்டவாளத்தில இலை விழுந்திட்டுது" என்று தொடங்குவார். இலைக்கு ஒரு கோச்சி நிற்குமா என்று புதிதாக வந்த யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். சில்லு ஏறி ஏறி இலை நசிந்து பசையாகி, தண்டவாளத்தில் படிந்து, பிரேக் பிடித்தாலும் வழுக்கும் என்பதை வாங்குப் பலகையில் உள்ளங்கையைத் தேய்த்தே காட்டுவார். தண்டவாளம் கழுவவென்றே தனி ரயில் ஓடுகிறது என்பார். அத்தனையும் உண்மை. அடுத்தது பனி. 1991 பெப்ரவரியில் பிரிட்டிஷ் ரயில் பனியில் முடங்கியபோது, விழுந்த பனி வேறு ரகம், பொடிப்பனி, மோட்டாருக்குள் புகுந்துவிட்டது என்று அதிகாரி விளக்கம் சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பில் கடைக்காரர் சீனிப்போத்தலைத் தள்ளி வைப்பார்.

மான்செஸ்டர் வரை போவதாக இருந்த அதிவேகப் பாதையை 2023 ஒக்டோபரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் ரத்துச் செய்தார். அறிவித்த இடம் அதே மான்செஸ்டர், மண்டபமோ ஒரு பழைய ரயில் நிலையம். தனியாருக்குப் போயிருந்த தென்மேற்கு ரயில் 2025 மே 25 அன்று அரசிடம் திரும்பியபோது, வோக்கிங்கில் இருந்து கிளம்பிய முதல் சேவையிலேயே கொஞ்சத் தூரம் பஸ்ஸில் போகவேண்டியிருந்தது, பாதையில் திருத்த வேலை. இவ்விரண்டையும் கேளாமல் இவரிடம் இருந்து எழுந்து வந்தவர் கிடையாது.

இதே வாயால் நம்முடைய ஊர்க் கோச்சியைப் பற்றி ஒரு சொல் வராது. கல்லோயாவில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் துறைமுகத்தை எட்டுகிற பாதை 1927இல் திறந்தது. ஏறக்குறைய 70 கிலோமீற்றர், ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒன்று வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். நடுவில் யானைக்காடு. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்துக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. காரணம் ஆராய்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நைட் மெயில் ஏன் பிந்தியது என்று கேட்டால், "அது வரேக்க வரும்" என்பார்.

அங்கே ரயில் கால்மணி நேரம் பிந்தினால் ஒருவழிக் கட்டணத்தில் கால்வாசி திரும்பக் கிடைக்கும், அரைமணி என்றால் பாதி, ஒரு மணி என்றால் முழுவதும். மகனுக்கு விண்ணப்பம் நிரப்ப நேரமில்லை. இவரே இங்கிருந்து நிரப்புகிறார். மேலதிகமாக ஒரு கடிதமும் போகும், 'தங்கள் பணிவுள்ள சேவகன்' என்று முடிகிற கச்சேரி ஆங்கிலத்தில். அதை வாசிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எந்த நூற்றாண்டில் இருந்து வந்தது என்று பிடிபடாது. மகன் கணக்கில் சில்லறைப் பவுண்கள் விழும்.

அந்தக் கை இந்த ஊருக்காக ஒரு வரி எழுதியதில்லை. கிண்ணியாவுக்குப் பெரிய பாலம் 2009இல் வந்தது. ஆனால் அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் கிடக்க, மக்கள் படகுப்பாதையில்தான் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே போனார்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம், அதைப் பார்க்கிற பொறுப்பு யாருக்கு என்று அதற்கு முதல் கேட்டிருக்கவேண்டும். கேட்க ஆங்கிலமும் வேண்டாம், தமிழே போதும். பதின்மூன்று நிமிடத்துக்கு வோட்டர்லூவிடம் கணக்குக் கேட்கிறவர்கள் ஊருக்கு இத்தனை பேர் இருந்தும், கிண்ணியாவுக்காகக் கேட்க ஒருவரும் இல்லாமல் போனது எரிச்சலான விசயம்.

பஸ் பேச்சு எடுத்தால் மனிதர் வேறு ஆள். 1958இல் பஸ்களை அரசு எடுத்து இ.போ.ச. தொடங்கிய கதை, லண்டன் ஓடிக் கழித்த சிவப்பு டபுள் டெக்கர்கள் கொழும்பு வீதிக்கு வந்த கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழும்பில் மேல்தட்டின் முன் சீட்டில் இருந்து போனதைச் சொல்லும்போது இரண்டு முழங்காலையும் ஒடுக்கி, ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற மாதிரிக் கையை வைப்பார். அந்த நேரம் அவரை யாரும் வெறுக்க முடியாது. இன்னொரு பிளேன்டி சொல்லத் தோன்றும்.

மகன் கார் வாங்கிவிட்டான். ஆறேழு மாதம் இருக்கும். கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, மிச்ச நாளும் ரயில் பக்கம் போவதில்லை. இது தாய்க்குத் தெரியும், தேத்தண்ணிக்கடைக்காரருக்குத் தெரியும், வாங்குக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று மனைவி ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். பிந்திய ரயிலுக்காக இவர் நிரப்புகிற படிவங்களுக்கு என்ன நடக்கிறது என்று மகனைத்தான் கேட்கவேண்டும்.

ஒருவரும் சொல்லவில்லை. இரக்கம் கொஞ்சம், பயம் மிச்சம். லண்டனைச் சுற்றி எம் 25 என்று 188 கிலோமீற்றர் நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது, நெரிசலுக்குப் பேர்போனது. ரயிலாவது இரவில் சில மணித்தியாலம் ஓடாமல் நிற்கும்.