சாமைக் களத்தில் ஒரு கேமரா

கேள்வி: கலைக் கல்லூரியில் விஸ்காம் படித்தால் சினிமா எடுக்க வந்துவிடுமா? (பிளஸ் டூ மாணவி, அமிர்தி, ஜவ்வாது மலை)

பதில்: கேமரா பிடிக்க வந்துவிடும். எதைப் பிடிப்பது என்பதற்கு வகுப்பு தனி. அதை நல்ல கலைக் கல்லூரிகள் இலக்கியம், வரலாறு, ஓவியம் என்ற பெயர்களில் நடத்துகின்றன.

சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் படித்தவரல்லர். கல்கத்தா பிரசிடென்சியில் பொருளாதாரம், சாந்திநிகேதனில் ஓவியம். 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'. 2012-இல் 'அட்டகத்தி'யோடு வந்த பா. ரஞ்சித், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்.

ஒளிப்பதிவு மட்டும் வேறு கணக்கு. பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரியிலும் பி.சி. ஸ்ரீராம் அடையாறு திரைப்படக் கல்லூரியிலும் பயின்றவர்கள். லென்ஸும் லைட்டும் கைப்பழக்கம் ஆக வேண்டுமென்றால், பட்டம் முடித்துவிட்டுப் புனே நுழைவுத்தேர்வு எழுதலாம். மூன்று வருடம் வீணாகாது.

அதற்குள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இதே ஜவ்வாது மலையில், காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மலையில் இருப்பவர்களைப் பார்க்க ஒரு செல்போன் போதும். சாமை அடிக்கும் களத்தை மூன்று நிமிடம் எடுத்து, மாணவி தன் பாட்டியிடம் போட்டுக் காட்டட்டும். பாட்டி எந்த இடத்தில் முகத்தைத் திருப்புகிறாரோ, அங்கே கத்தரி வைக்க வேண்டும்.