இருபதிலொன்று ஹாஜியார்

வயலில் வெட்டும் மெசின் இறங்கிய அன்றைக்கு, ஸக்காத் குழுவின் ரசீதுப் புத்தகத்தோடு நாங்கள் வரம்பில் போய் நின்றால் ஹாஜியார் முதலில் ஓடுவது தண்ணீர் இறைக்கும் மோட்டரிடம்தான். அதை ஒரு சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார். எங்களைக் கண்டதும் சாக்கை உருவி எறிவார். "பாத்தீங்களா மௌலவி, இதுக்கு எண்ணெய் ஊத்தி ஊத்தியே நான் ஓட்டாண்டியாப் போனன்" என்று பேச்சைத் தொடங்குவார். மோட்டரின் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கும். வலையில் சிலந்தி குடும்பத்தோடு இருக்கும்.

இந்த மோட்டர் நாடகத்துக்குக் காரணம் உண்டு. நெல்லுக்கு ஸக்காத், அதாவது ஏழைக்குச் சேரவேண்டிய பங்கு, கடமை. மழையிலோ, தானாகப் பாயும் ஆற்றுநீரிலோ விளைந்தால் பத்தில் ஒன்று. காசு செலவழித்து, இறைத்துப் பாய்ச்சியிருந்தால் இருபதில் ஒன்று. ஒரு மோட்டர், பாதி ஸக்காத்தை மிச்சம் பிடித்துத் தரும் என்றால் யார்தான் அதைச் சாக்குப் போட்டுப் பாதுகாக்கமாட்டார்?

எங்கள் பகுதி வயல்களில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் தருவது கல்லோயா. 1949இல் தொடங்கிய திட்டம். இங்கினியாகலையில் அணைகட்டி, சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரும் வைத்து, அங்கிருந்து வாய்க்கால் வழியே வரும் தண்ணீர் சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளுக்குள் தானாகவே இறங்கும். தானாக வருவது ஊருக்கே தெரியும். ஹாஜியாருக்கு மட்டும் அது செலவோடு வரும். "வட்டவிதானைக்கு நெல்லுக் குடுக்கம். வாய்க்கால் வெட்ட ஆள் போடுறம். ராவைக்கு மடை பாக்கிறவனுக்குத் தேத்தண்ணி சீனி நாமதான். இதெல்லாம் செலவில்லயா?"

மௌலவி பொறுமைசாலி. நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வாய்க்கால் தண்ணீருக்கும் பத்தில் ஒன்றுதான் என்று விளக்கிப் பார்த்தார். செல்லவில்லை. இறங்கி வந்தார். "சரி ஹாஜியார், பாதித் தண்ணி வாய்க்கால், பாதித் தண்ணி மோட்டர் எண்டே வைப்பம். அப்படியெண்டா நூத்துக்கு ஏழரை."

"ஏழரையா!" ஹாஜியார் ரெண்டு அடி பின்னால் போனார். "காரைதீவில நம்மட தமிழ்க் கூட்டாளிமார் இரிக்காங்க, போய்க் கேட்டுப் பாருங்க மௌலவி, ஏழரை எண்டா என்னண்டு. அது புடிச்சா ஆளை உடாதாமே."

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஊருக்கு நாலைந்து பேராவது இப்படி இருப்பார்கள். மருதமுனை ஹாஜியாருக்கு நெல்லுக்குப் பதில் கைத்தறி. தறி தொழில் கருவி, கருவிக்கு ஸக்காத் இல்லை என்பார். அது சரிதான். ஆனால் கட்டிக் கிடக்கும் சாரன் மூட்டைகளையும் தறியின் உறுப்பு என்று சொல்லப் பார்ப்பார். சாய்ந்தமருதில் அவருக்குப் படகு இருக்கும். அக்கரைப்பற்றில் கடையும் வயலும் சேர்ந்தே இருக்கும். பெயர் மாறும், தொழில் மாறும், சாக்கை உருவும் கை ஒன்றுதான். ஸக்காத் குழுவில் நான் மூன்று வருசம் ரசீது எழுதினேன். அந்த மூன்று வருசத்தில் மார்க்கச் சட்டத்தில் நான் கற்றதில் பாதி மௌலவியிடம் கற்றது. மீதி ஹாஜியாரிடம்.

தென்னைக்கு விளைச்சல் ஸக்காத் இல்லை என்று அவரிடம்தான் முதலில் அறிந்தேன். சேமித்து வைத்து உண்ணும் பிரதான உணவுக்குத்தானாம். தேங்காய் அதில் சேராதாம். உண்மைதான், விசாரித்தேன். பெண்கள் அணியும் நகைக்கும் ஷாபிஈ மத்ஹபில் ஸக்காத் இல்லை. அதுவும் உண்மை. ஆனால் 'அணியும்' என்ற சொல்லை அவர் வீட்டில் சற்றுக் கடுமையாக எடுத்துக்கொண்டார்கள். நோன்பு காலத்தில் அந்த வீட்டுக்குப் போனால் ஹாஜியாரின் மனைவி குசினிக்குள் கஞ்சி கிண்டும்போதே கலகலவென்று சத்தம் கேட்கும். கைக்கு எட்டு எட்டுக் காப்பு. ஸக்காத் கணக்கு முடிந்த மறுநாள் சத்தம் நின்றுவிடும்.

பணத்துக்கு வாருங்கள். 85 கிராம் தங்கத்தின் பெறுமதி, கிட்டத்தட்டப் பத்தரைப் பவுண், கையில் ஒரு சந்திர வருசம் முழுக்க இருந்தால் நாற்பதில் ஒன்று. வெள்ளிக் கணக்கும் உண்டு, 595 கிராம்; அந்தக் கணக்கில் பார்த்தால் சின்னக் கடைக்காரனும் ஸக்காத் கொடுக்கவேண்டி வரும். ஹாஜியார் வெள்ளியை மதிப்பதில்லை. தங்கம் விலை ஏறினால் ஊரில் பெண் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள், அவர் மட்டும் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். 'வருசம் முழுக்க' என்பதிலும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும். அவருடைய ஸக்காத் வருசம் றமழானில் முடிகிறது. ஆகவே ஷஃபானில் கல், மணல், சீமெந்து எல்லாம் வந்து இறங்கும். எங்கள் ஊரில் ஷஃபான் பிறை கண்டதை லொறிச் சத்தத்தில் அறியலாம்.

யாருக்கு அந்தக் கல்லும் மணலும்? மகள்மாருக்கு. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். நாலு பெண் பிள்ளை என்றால் நாலு வீடு. அதனால் வங்கியில் கிடக்கும் காசைப் பற்றிக் கேட்டால் ஹாஜியாரின் குரல் தழுதழுக்கும்: "அது என்ட காசில்ல மௌலவி, மகள்ட ஊட்டுக் காசி." கடைசி மகளுக்கு வயது ஒன்பது. அவள் வீட்டுக்கு இரண்டாம் மாடி போன வருசம் கொங்கிறீட் போட்டாயிற்று.

இந்த இடத்தில் உவெஸ்லி மாஸ்டரைச் சொல்லவேண்டும். கல்முனை உவெஸ்லி 1883இல் மெதடிஸ்த மிசன் தொடங்கிய பாடசாலை. இனம், மதம் பாராமல் பல தலைமுறைகள் படித்த இடம். ஹாஜியாரும் அங்கே படித்தவர். மாஸ்டர் அங்கே படிப்பித்து ஓய்வெடுத்தவர். அசருக்குப் பிறகு ஹாஜியாரின் கடை வாசலில் வாங்கு போட்டு இரண்டு பேரும் பிளேன்ரீ குடிப்பார்கள். ஒருநாள் நாங்கள் ரசீதுப் புத்தகத்தோடு போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் சிரித்தார்.

"இதே கேள்விதான் எங்கட ஆக்களுக்கும், தம்பி. தசமபாகம் எண்டா பத்தில் ஒண்டு. ஆனா எதில பத்தில் ஒண்டு? வரி கழிக்க முந்தியா, கழிச்ச பிறகா? புதுசா வந்த ஜெபக்கூடங்களில் சம்பளத்தின்ட மொத்தத்தில எண்டு கறாராச் சொல்றாங்க. எங்கட கோயில்ல உறையைத் தந்திட்டு மனச்சாட்சிக்கு விட்டிருவாங்க. பவுல் எழுதினதில சதவீதமே இல்ல, மனசாரக் குடு எண்டுதான் இருக்கு."

"மனசாரவா? அப்ப ரசீது?" ஹாஜியாருக்கு ஆர்வம் பிறந்தது. "தசமபாகம் எங்கிருந்து வந்த, மாஸ்டர்?"

ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்ததிலிருந்து மாஸ்டர் தொடங்கினார். இப்றாஹீம் நபி என்றதும் ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன பொருளில் கொடுத்தார் என்று விசாரித்தார். போரில் கிடைத்த பொருளில் என்றார் மாஸ்டர்.

"அதானே! விதைச்சி அறுத்ததில இல்ல, யுத்தத்தில கிடைச்சதில. நீங்க எந்த யுத்தத்துக்குப் போன நீங்க மாஸ்டர்? உங்கட பென்சனுக்குப் பத்தில் ஒண்டு வராது. நான் செல்றன், குடுக்காதீங்க."

அடுத்த மதத்தவருக்கும் இலவசமாக வக்கீல் பார்க்கிற மனுசன். மாஸ்டர் விடவில்லை. இயேசு காலத்துப் பரிசேயர்கள் தோட்டத்துப் புதினாவுக்கும் சீரகத்துக்கும் கூடப் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்ததையும், அப்படிக் கொடுத்தும் நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டதற்காக ஏச்சு வாங்கியதையும் சொன்னார். ஹாஜியார் எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? எண்ணிக் குடுத்தவனுக்குத்தான் ஏச்சு!"

கடைசியாக மாஸ்டர் ஜோன் வெஸ்லியை இறக்கினார். பாடசாலைக்குப் பெயர் தந்த அதே மனுசன். வருசத்துக்கு முப்பது ஸ்டேர்லிங் பவுண் வருமானம் வந்தபோது இருபத்தெட்டில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தாராம். அறுபது வந்தபோதும் இருபத்தெட்டில் வாழ்ந்து முப்பத்திரண்டைக் கொடுத்தாராம். வருமானம் ஏற ஏறச் செலவு மட்டும் ஏறவில்லை. ஹாஜியார் கோப்பையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவருக்குப் புள்ள குட்டி?"

"சொந்தப் பிள்ளை இல்ல."

"அப்படிச் செல்லுங்க! நாலு பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டியிருந்தா அந்த இருவத்தெட்டும் எங்க எண்டு தெரிஞ்சிரிக்கும்."

இவ்வளவும் படித்துவிட்டு ஹாஜியாரைக் கருமி என்று நினைத்தால் அது என் எழுத்தின் பிழை. கல்முனையில் கருமியாக இருப்பது லேசான காரியமில்லை; சாப்பாட்டு நேரத்தில் வீட்டு வாசலைக் கடந்தால் கையைப் பிடித்து இழுத்துச் சோற்றுக்கு இருத்திவிடுவார்கள். ஹாஜியார் வீட்டில் இழுப்பதற்கென்றே ஒருவர் வாசலில் நிற்பார். கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றக் காலத்தில் தூரத்து ஊர்ச் சனத்துக்கு அவர் வளவில் சமையல். நேர்ச்சைக்கு வந்த சேவலைப் பள்ளியில் ஏலம் விட்டால், சேவல் வெட்கப்படும் விலைக்குக் கேட்பார். மாஸ்டரின் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போய் ஒரு பூசணிக்காயை மூவாயிரத்துக்கு எடுத்து, தூக்கிக்கொண்டு வந்து, வழியில் யாருக்கோ கொடுத்தும் விட்டார். கேட்காமல் கொடுப்பார். எண்ணாமல் கொடுப்பார். நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருவன் வாயைத் திறந்தால் மட்டும் உள்ளே இருக்கும் வக்கீல் எழும்பிவிடுவான்.

ஃபித்ராவில் கூடப் பாருங்கள். ஆளுக்கு இரண்டரைக் கிலோவுக்குள் அரிசி, பெருநாளைக்கு முன் ஏழைக்குக் கொடுப்பது. வீட்டில் உண்பது எதுவோ அந்தத் தரத்தில் கொடுக்கவேண்டும். ஹாஜியார் வருசம் முழுக்கக் கீரிச்சம்பா. நோன்பு கடைசிப் பத்தில் மட்டும் "டொக்டர் செல்லியிரிக்காரு" என்று வீட்டில் நாட்டரிசிச் சோறு. டொக்டரின் கட்டளை பெருநாள் காலையில் முடிந்துவிடும்.

2004 டிசம்பர் 26ஐ நான் பார்த்தவன். கடல் வந்து போன பிறகு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையில் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. நாட்டிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. அன்று பின்னேரமே ஹாஜியார் நெல் ஸ்டோரின் பூட்டைத் திறந்தார். குற்றியது, குற்றாதது எல்லாம் பள்ளிக்கும் பாடசாலைக்கும் கோயிலுக்கும் போயிற்று. எத்தனை மூட்டை என்று யாரும் எழுதவில்லை. பல வருசம் கழித்து, குழுவில் இருந்த நாட்களில், வேடிக்கையாகக் கேட்டேன்: "அந்த மூட்டைகள ஸக்காத்தில கழிச்சீங்களா ஹாஜியார்?" அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார். பிறகு அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்ததையோ இன்றைக்கு வரைக்கும் கழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கடைசியாக அவர் பிடித்த வழி, கடைக் கடன் கொப்பி. கரைவலை இழுக்கிற ஒருவர் பதினெட்டாயிரம் தரவேண்டியிருந்தது. இரண்டு வருசமாக வரவில்லை, வரும் அறிகுறியும் இல்லை. அதைத் தள்ளுபடி செய்து ஸக்காத்தாக எழுதும்படி ஹாஜியார் சொன்னார். கடனைத் தள்ளினால் ஸக்காத் ஆகாது, காசு ஏழையின் கைக்குப் போகவேண்டும் என்றார் மௌலவி.

"கைக்குக் குடுத்து, அவன் கடனைத் திருப்பித் தந்தா?"

"திருப்பித் தரணும் எண்டு நிபந்தனை போட்டா ஆகாது. அவராத் தந்தா ஆகும்."

"நிபந்தனையே இல்ல" என்று ஹாஜியார் ஆளை அழைப்பித்தார். மௌலவி, மாஸ்டர், நான், மூவரும் சாட்சி. லாச்சியைத் திறந்து பதினெட்டாயிரத்தை எண்ணி அவர் கையில் வைத்தார். ஸக்காத் என்று வாயாலும் சொன்னார். பிறகு கடன் கொப்பியை விரித்து, அந்தப் பக்கத்தைச் சும்மா, காற்று வாங்குவதுபோல, அவருக்கு முன்னால் வைத்தார்.

மனுசன் காசை இன்னொரு தடவை எண்ணினார். சாரன் மடியில் சொருகினார். "ஜஸாகல்லாஹு ஹைரா, ஹாஜியார்" என்றார். சைக்கிளில் ஏறி, கடற்கரைப் பக்கமாக மிதித்துவிட்டார்.

ஹாஜியாரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"கபூலாகும், இன்ஷா அல்லாஹ்" என்றார் மௌலவி. நான் ரசீது எழுதினேன்.

"அப்ப அவன்ட பழைய கடன்?"

"அது அப்படியே இரிக்கி."

மாஸ்டர் பிளேன்ரீ கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நாங்கள் எழும்பும் நேரம், அந்தக் கரைவலைக்காரரின் சின்ன மகன் ஒரு பையோடு வந்து நின்றான். வாப்பா ரெண்டு கிலோ அரிசி கடனாகக் கேட்டாராம். காசைக் கொண்டுபோய் வேறு எங்கோ கட்டிவிட்டார் போலிருக்கிறது. கடைப் பொடியன் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நாட்டரிசி மூட்டைக்குள் பேணியை விட்டான்.

"அதில்லடா, கீரிச்சம்பாவப் போடு" என்றார் ஹாஜியார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து விரலை நீட்டினார். "இது ஸக்காத் இல்ல, கடன். எழுதிராதீங்க."