ஜப்பான் போய் வந்தவர்

எந்தக் குடியிருப்பிலும் ஜப்பான் போய் வந்தவர் ஒருவர் இருப்பார். வந்து வருஷம் பல ஆகியிருக்கும். இன்னமும் கைபேசியில் பேசும்போது எதிரே ஆள் நிற்பதுபோல் குனிந்து நிமிர்வார். மளிகைக் கடையில் காசை அண்ணாச்சி கையில் கொடுக்க மாட்டார். ஜப்பானில் அதற்கென்று கல்லாவருகே சின்னத் தட்டு இருக்கும் என்பதால், கடலைமிட்டாய் பாட்டில் மூடியைக் கழற்றி, மல்லாத்தி, அதில் நோட்டை வைத்து இரண்டு கையாலும் நகர்த்துவார். அண்ணாச்சியும் சளைக்காமல் மீதியைத் தராசுத் தட்டில் வைத்து நீட்டுவார். அடுத்த பிளாக்கில் யாரோ டோக்கியோவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்று மாடிப்படியில் காதில் விழுந்தால் போதும், சாயங்காலமே அவர்கள் வீட்டு சோபாவில் இருப்பார்.

இவரைக் கண்டு கதவைச் சாத்த வேண்டாம், சொல்வதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. விலை, விதி பற்றிப் பேசினால் தலையை மட்டும் ஆட்டலாம். வயிறு, கால் பற்றிப் பேசினால் குறித்துக்கொள்ள வேண்டும். "யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஜே.ஆர். பாஸ் வாங்கிடுங்க" என்பார். ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்கவிடும் அந்த ஏழு நாள் பாஸ் அவர் போன காலத்தில் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய கட்டுப்படியாகிவிடும். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. அதே கியோட்டோ பயணத்துக்குத் தனி டிக்கெட் சுமார் 28,000 யென்தான். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம், ஒசாகாவில் வலப்பக்கம் நின்று மறுபக்கத்தை நடப்பவர்களுக்கு விட வேண்டும் என்று எழுந்து நின்றே காட்டுவார். சைத்தாமா மாநிலமோ, படிக்கட்டில் நடக்கவே வேண்டாம், நின்றபடி போங்கள் என்று 2021-இல் சட்டமே போட்டுவிட்டது. விமானம் ஏறிய அன்று பார்த்த ஜப்பானோடு அவருடைய கடிகாரம் நின்றுவிட்டது.

மிகைப்படுத்துகிறாரே என்பார்கள். உண்மைதான். 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்காகப் புல்லட் ரயில் கம்பெனியே கண்ணீர் விட்டது என்பார். 2017-இல் மன்னிப்புக் கேட்டது சுகுபா எக்ஸ்பிரஸ் என்ற புறநகர் ரயிலை ஓட்டும் நிறுவனம், கண்ணீர் இவருடையது. 20 விநாடி மட்டும் நிஜம், நமக்கு அதுவே தாங்காது. எல்லாம்தான் கைபேசியில் இருக்கிறதே, இவர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ரயில் நேரத்தைக் கைபேசி சொல்லும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதவனுக்கு அது என்ன சொல்லும்? சைவக்காரர் நம்பிக் குடிக்கும் மிசோ சூப்பிலும், சோபா நூடுல்ஸ் மிதக்கும் சாற்றிலும் 'தாஷி' என்ற அடிச்சாறு இருக்கும். அதைப் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில்தான் இறக்குகிறார்கள். கறி வேண்டாம் என்றால் மீனும் வேண்டாம் என்று அங்கே பொருள் இல்லை. பட்டினி கிடந்து இதைக் கற்ற மனிதர், கோயாசான் மலைக்குப் போனால் மடங்களில் மீன் கலக்காத துறவிச் சாப்பாடு கிடைக்கும் என்று தானே சொல்லிவிடுவார். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கு மேற்பட்ட வாசல்கள். வாசல் பெயரை எழுதிக்கொள்ளாமல் இறங்காதே என்பார். தெருவில் குப்பைத்தொட்டியைப் பார்ப்பது அபூர்வம், பையில் ஒரு கவர் வைத்துக்கொள் என்பார். இதெல்லாம் கால் வலித்தவர் சொல்ல வேண்டிய சங்கதி.

வெளிநாட்டு மோகம், நம் ஊரைத் திட்ட ஒரு சாக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். திட்டுகிறார்தான். ஆனால் மெரினாவில் தின்ற சோளக்கட்டையைக் கவரில் சுற்றி வீடு வரை சுமந்து வருகிறவரும் அவர்தான். தவிர, இந்தக் காய்ச்சல் ஒருவழிப் பாதை அல்ல. 1998-இல் 'முத்து' ஜப்பானில் ஓடியதிலிருந்து, ரஜினி படம் வெளியானால் ஒசாகாவிலிருந்து சென்னைக்கே வந்து பார்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அங்கே ஏதோ ஒரு சோபாவில் ஒருவர் உட்கார்ந்து, முதல் காட்சிக்கு எத்தனை மணிக்கே போய் நிற்க வேண்டும், பேப்பரைக் கிழித்து எந்த இடத்தில் வீச வேண்டும் என்று எழுந்து நின்றே காட்டிக்கொண்டிருப்பார். டிக்கெட் விலையை மட்டும் பழைய கணக்கில் சொல்லுவார்.