பன்னிரண்டு மணி யாருக்கு?

பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கம் ஏதாவது ஒரு கத்தோலிக்கப் பங்கில் நீங்கள் பேரவை உறுப்பினரா? தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொங்கணி, மலையாளம் என்று ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஐந்தாகக் கூறுபோட்டு வாழ்கிறவரா? அப்படியானால் பாதி வித்தை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. புத்தாண்டு இரவுக்கு வேண்டிய மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

திருச்சபையின் புத்தாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே பிறந்துவிட்டது. ஊதா மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தினோம், சண்டை வரவில்லை, ஆகவே யாரும் கவனிக்கவில்லை. நமக்கு வேண்டியது சனவரி 1. அன்று இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா; 1968 முதல் உலக அமைதி நாளும்கூட. அமைதி நாள் என்பதால் ஆயத்தத்தை நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. பேரவையைக் கூட்டுங்கள்.

மொழிக்கு இரண்டு பேர். திருச்சபைச் சட்டத்தின் 536ஆவது விதி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமையை மட்டுமே தருகிறது. இதைக் குறையாக நினைக்காதீர்கள். முடிவுக்குப் பொறுப்பில்லை என்றால்தான் தொண்டை கிழியப் பேச முடியும். கன்னடக்காரர் 'பேக்கு' என்று ஆரம்பித்தால் நீங்கள் 'சாக்கு' என்று முடித்துவிடுங்கள். 'வேண்டும்', 'போதும்'. நாற்பது வருஷம் ஒரே தெருவில் குடியிருந்து அவர்கள் மொழியில் நாம் கற்றுக்கொண்டது இவ்வளவுதானே, அதையாவது சபையில் பயன்படுத்துங்கள்.

2. கடிகாரத்தைக் கைப்பற்றுங்கள்.

இரவு ஒன்பது மணிப் பூசையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். பத்தரையைத் தியாகம் செய்வதுபோல் விட்டுக்கொடுங்கள். பன்னிரண்டை மட்டும் விடாதீர்கள். மணி அடிக்கிற நொடியில் பீடத்தில் எந்த மொழி ஒலிக்கிறதோ அந்த மொழிக்காரருக்குத்தான் வருஷம் முழுக்கக் கோவில் சொந்தம். ஃபாதர் களைத்துப்போய், கோவிலில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று, பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று என மூன்று பன்னிரண்டு மணிகளை உண்டாக்குவார். உடனே அடுத்த சுற்றைத் தொடங்குங்கள்: மைதானத்துப் பனியில் உட்காரப்போவது யார்? டிசம்பர் இரவின் பெங்களூர்க் குளிரை நம் பாட்டிமார் தாங்கமாட்டார்கள் என்று சொல்லுங்கள். கொங்கணிப் பாட்டிமார் தாங்குவார்கள்.

3. கூட்டுத் திருப்பலிக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆயர் இல்லத்திலிருந்து யாரோ 'எல்லாரும் சேர்ந்து ஒரே பூசை' என்று சொல்லியனுப்புவார்கள். பயப்பட வேண்டாம். சேர்ந்து செய்வதில்தான் பிரிவை முழுமையாக அனுபவிக்க முடியும்.

முதல் வாசகம் எண்ணிக்கை நூல் ஆறாம் அதிகாரம், ஆரோனின் ஆசீர். அதைக் கன்னடத்துக்குக் கொடுங்கள். பதிலுரைப் பாடலாக வரும் 67ஆம் திருப்பாடல் மக்களினங்கள் எல்லாம் கடவுளைப் புகழட்டும் என்ற கருத்துள்ளது. அதை ஒரே ஒரு இனத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் வாசகம் கலாத்தியர் நான்கு. இதைத் தமிழுக்கு வாங்காமல் விடாதீர்கள், காரணம் இருக்கிறது. கிரேக்கத்தில் எழுதிக்கொண்டு போன பவுல், கடவுளைக் கூப்பிடும் அந்த அரமேயச் சொல்லை மட்டும் மாற்ற மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்: 'அப்பா'. பவுல் அடிகளார் இந்த இடத்தில் தமிழுக்கு வந்துவிட்டார் என்று பேரவையில் அடித்துச் சொல்லுங்கள். நான் சொன்னேன். மலையாளி உறுப்பினரால் பதில் பேச முடியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, கன்னடத்திலும் அது அப்பாதான்.

மறையுரைக்கு இரண்டு வழி. ஒரே உரையை மூன்று மொழிகளில் மூன்று முறை வைக்கலாம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், தொந்தரவில்லை. அல்லது ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுவாயும் கன்னடத்தில் செயப்படுபொருளும் தமிழில் பயனிலையுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். நம் மொழி வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள், முடிந்ததும் செல்போனை எடுங்கள். 'எழுந்து நிற்கவும்' என்பதை ஐந்து மொழிகளிலும் சொல்லச் செய்யுங்கள். ஐந்தாவது மொழிக்காரர் எழும்போது முதல் மொழிக்காரர் உட்கார வேண்டியிருக்கும்.

திரையில் பாட்டு ஓடும். தமிழ் எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் வரிக்கு வரி வெறும் சதுரங்களாகத் தெரியும். இதைச் சதி என்று சொல்லுங்கள். எழுத்துருவைப் பதிய இரண்டு நிமிஷம் போதும் என்று சொல்லும் பையனை உள்ளே விடாதீர்கள்.

4. பாடற்குழுக்கள்.

நான்கு குழு, ஒரு கீபோர்டு. சாவி உங்களிடம். போதும்.

5. விவிலியத்தைப் பிடித்த இடத்தில் மட்டும் திறங்கள்.

தொடக்க நூல் பதினொன்று, பாபேல் கோபுரம்: மற்றவர்கள் பேசும்போது எடுத்துக்காட்ட. திருத்தூதர் பணிகள் இரண்டு, பெந்தக்கோஸ்து: உங்கள் மொழிக்குக் கூடுதல் பூசை கேட்கும்போது. பார்த்தியர், மேதியர், எலாமியர் என்று ஒரே மூச்சில் அடுக்கினால் ஃபாதரே அசந்துபோவார்.

அதே நூலின் ஆறாம் அதிகாரத்தை மட்டும் யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகா சங்கடமான பகுதி. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசிய கைம்பெண்களைக் கவனிக்காமல் விட்டார்கள், முணுமுணுப்பு எழுந்தது. அதற்காகத் திருத்தூதர்கள் மொழிக்கு இரண்டு பேர் போட்டுக் குழு அமைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப், நிக்கானோர் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட கூட்டத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது! இது நம் ஊருக்குச் சரிப்படாது. இந்தப் பகுதியை மேற்கோள் காட்டும் உறுப்பினரைப் பூ அலங்காரக் குழுவுக்கு மாற்றுங்கள்.

6. பழைய காலத்தை நினைத்து ஏங்குங்கள்.

வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வத்திக்கான் சங்கம் வழிதிறந்தது 1963 டிசம்பர் 4இல். அதுவரை லத்தீன். ஒருவருக்கும் புரியாது, ஒருவருக்கும் மனத்தாங்கலும் இல்லை. இந்த ஏக்கத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள், மற்றவர்களுக்கு மொழிபெயர்க்காதீர்கள்.

7. பங்கு நாட்காட்டி.

எந்த மொழி மேலே என்று மூன்று கூட்டம் நடத்துங்கள். கடைசியில் ஐந்தையும் அச்சடியுங்கள். எழுத்து எறும்பளவு இருக்கும். சாம்பல் புதன் எப்போது என்று பார்க்க எல்லாரும் பழையபடி வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த காலண்டரையே புரட்டுவார்கள்.

8. கடைசி வரிசைக்காரர்கள்.

பின்பக்கத் தூண் ஓரமாக இருபது முப்பது பேர் நிற்பார்கள். அடுக்ககக் காவலாளிகள், மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்கள், வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்கள். ஜார்க்கண்டிலிருந்து, ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் பேசுவது குடுக், முண்டாரி, கடியா. தங்களுக்குள் பொதுவாக சாத்ரி. 1885இல் சோட்டாநாக்பூருக்குப் போன கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய இயேசு சபைக் குரு, இவர்களுடைய முன்னோரின் நில வழக்குகளில் கூட நின்றவர். அவர் போகட்டும், அவருக்குப் பங்குப் பேரவை இல்லை.

உதவிப் பங்குத்தந்தை இளைஞர். இவர்களுக்காக மன்றாட்டு ஒன்றாவது இந்தியில் வைக்கலாமே என்று கேட்பார். அப்போது ஓர் அதிசயம் நடக்கும். இத்தனை வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்த தமிழும் கன்னடமும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று 'இந்தித் திணிப்பு' என்று குரல் கொடுக்கும். பங்கின் ஒற்றுமைக்கு அதைவிட உருக்கமான காட்சி கிடையாது. புகைப்படம் எடுத்து வையுங்கள். நானும் எழுந்து நின்றேன்.

9. கேக்.

பூசை முடிந்ததும் கேக்கும் தேநீரும். நெரிசல் வராமலிருக்க மொழிவாரியாக டோக்கன் அச்சடியுங்கள்: தமிழுக்கு மஞ்சள், கன்னடத்துக்குச் சிவப்பு, ஆங்கிலத்துக்கு வெள்ளை, கொங்கணிக்குப் பச்சை, மலையாளத்துக்கு நீலம். தூண் ஓரத்தில் நிற்பவர்களுக்கு என்ன நிறம் என்று யாராவது கேட்டால், அடுத்த வருஷம் பேசலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேக் நிச்சயம் மிஞ்சும். மிஞ்சியதைப் பேரவை உறுப்பினர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

மணி ஒன்றே கால் ஆகியிருக்கும். மைதானத்தில் நானூறு நாற்காலிகள் பனியில் நனைந்து கிடக்கும். அந்தத் தூண் ஓரத்து ஆட்களைக் கூப்பிடுங்கள். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள், நாற்காலியைக் கையால் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.