கொண்டைக்கடலையின் உரிப்பொருள்: ஹம்முஸ் குறித்த ஓர் அகத்திணை ஆய்வு

லெபனான் சமையலை வீட்டில் செய்து பார்க்கப் புகுவோர் நேரே கடைக்கு ஓடுவது முறையியற் பிழை. பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த மொழியில், சமையற்குறிப்பு எழுதுவோர் எல்லாவற்றையும் ‘தேவையான பொருட்கள்’ என்ற ஒரே தலைப்பில் கொட்டிவிட்டதே இத்துறை இன்றுவரை தலையெடுக்காமைக்குக் காரணம். அக்குறையை இக்கட்டுரை போக்கிவிட்டது (காண்க: இக்கட்டுரை). ஆய்வெல்லை வருமாறு: தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் லப்னே, இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. தூம் என்பது பூண்டு விழுது. தின்றவரைவிடப் பக்கத்தில் அமர்ந்தவர் நன்கறிவர். தபூலே என்பது பார்ஸ்லித் தழையில் கொஞ்சம் கோதுமைக் குருணை விழுந்த கலவை. லெபனானைத் தாண்டினால் குருணையில் கொஞ்சம் தழை விழுந்ததாகத் திரியும். கிப்பேக்கு இறைச்சியை உரலில் இடிக்க வேண்டும், உரலுள்ளோர் இடிக்க. ஸாத்தர் தூவிய மனகீஷ் ரொட்டியை 2023-இல் யுனெஸ்கோவே தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதால், அதற்கு நம் துணை வேண்டியதில்லை. எஞ்சுவது ஹம்முஸ். ஹம்முஸில் எஞ்சுவது தோல்.

முதலில் பெயர். அரபியில் ஹம்முஸ் என்றால் கொண்டைக்கடலை, அவ்வளவே. உணவின் முழுப்பெயர் ஹம்முஸ் பி தஹீனி. தஹீனி என்னும் எள் விழுதின் பெயரோ ‘அரை’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. இவ்வளவு தெளிவான சொல்லைத் தெளிவாகவே விட்டுவைப்பது ஆய்வுக்கு அழகன்று. ஆகவே ‘உம் மசி’ என்பதே ஹம்முஸ் எனத் திரிந்தது எனக் கொள்க. உம்முடையதை நீரே மசித்துக்கொள்ளும் என்பது பொருள். இம்முறையைக் கையிலெடுத்தோர் முன் இதுவரை எந்த மொழியும் தாக்குப்பிடித்ததில்லை. இனிக் கருப்பொருள்: கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு. முதற்பொருளாகிய நிலமோ லெபனானில் குறைவின்றி அமைந்துள்ளது. மலைத்தொடர் குறிஞ்சி; பெக்கா சமவெளி மருதம்; மத்தியதரைக் கடற்கரை நெய்தல். பாலைவனம் மட்டும் அந்நாட்டில் இல்லை. பாலை இல்லையேல் பாலைக்குரிய பிரிவு எங்கு நிகழும்? எங்காவது நிகழ்ந்தாக வேண்டுமாதலின், பானைக்குள் நிகழ்கிறது. தோல் கடலையைப் பிரிதலே ஹம்முஸின் உரிப்பொருள். ‘உரி’ என்னும் சொல்லே இதற்குச் சான்று (காண்க: இக்கட்டுரைத் தலைப்பு, இரண்டாம் சொல், முதல் இரண்டு எழுத்துகள்).

இப்பிரிவு எளிதன்று. பெரிய வெள்ளைக் கொண்டைக்கடலை ஒன்றின் எடை சுமார் 0.4 கிராம். எனவே 250 கிராமில் 625 கடலைகள். ஒன்றை உரிக்க மூன்று நொடி என்று வைத்தால் 31 நிமிடம் 15 நொடி. ‘மிக்ஸி இருக்கத் தோலை ஏன் உரிக்க வேண்டும்?’ என்பாரும் உளர். அற்றன்று, மிக்ஸி தோலைத் துணுக்காக்குமேயன்றி இல்லாமலாக்காது, நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ‘ஆப்ப சோடா போட்டு வேகவைத்தால் தோல் தானே கழலுமே’ என்பர் வேறு சிலர். உண்மை, காரநீர் தோலிலுள்ள பெக்டினைச் சிதைத்து இளக்கும். ஆனால் இது மறுப்பன்று, நம் கோட்பாட்டுக்கு அரண். தலைவியை வீட்டிலிருந்து பிரித்து வழியனுப்பத் தோழி வேண்டுமென்று அகத்திணை சொல்கிறது. பானையில் அத்தோழி சோடா. தோழி உண்டென்பதால் பிரிவு உண்டு, பிரிவு உண்டென்பதால் தோழி உண்டு (காண்க: இவ்வாக்கியத்தின் முற்பாதி, அதற்குச் சான்று பிற்பாதி). ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சான்றுகளால் எத்தனையோ துறைகள் நிலைபெற்றிருக்கின்றன.

வலுவான தடை ஒன்றுண்டு. 2010 சனவரியில் இஸ்ரேலின் அபு கோஷில் 4,090 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோ செய்து அதை முறியடித்தது. இத்தனைக்கும் யார் உட்கார்ந்து உரிப்பது, எனவே தோல் பொருட்டன்று என்பது தடை. விடை எண்ணிலேயே இருக்கிறது. லெபனானின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். எடையைப் பரப்போடு பொருத்தியது அவர்கள் வேண்டுமென்றே செய்தது. ஆக, சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோ. சதுர மீட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஹம்முஸின் அடர்த்தி நீரளவே என்று கொண்டால், நாடு முழுதும் தடவிய படலத்தின் தடிமன் ஒரு நானோமீட்டர். தலைமயிரோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இவ்வளவு மெல்லியதாகப் பரந்த நிலத்தை மூடுவது சாத்தியமா என ஐயுறுவோர் நம் கருத்தரங்கத் தொகுதிகளைப் புரட்டுக. அத்தகைய படலத்தில் ஒரு தோலின் ஆயிரத்திலொரு பங்குகூட மறையாது. மலையுச்சி முதல் கடற்கரை வரை துருத்தி நிற்கும். தட்டளவில் விருப்பமாயிருந்த தோலுரிப்பு, நாட்டளவில் கட்டாயமாவது இதனாற் பெற்றாம். ‘ஹம்முஸை நாட்டில் தடவுவதில்லையே, தட்டில்தானே?’ எனின், தட்டு உலகியல் வழக்கு. நாடு நாடக வழக்கு (காண்க: இப்பத்தி, ‘ஆக’ என்பதற்குப் பின், காற்புள்ளிக்கு வலப்புறம், ஐயம் எழாதவாறு வேகமாக).

இனி நெறி. இரவு முழுதும் கடலை ஊறுதல் முல்லைக்குரிய இருத்தல். காலையில் சிறிது சோடாவோடு மலர வேகவைத்து, குளிர்ந்த நீரில் கையால் அலசினால் தோல்கள் மிதந்து வரும், வடித்துவிடுக. எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, ஒரு பனிக்கட்டி சேர்த்து வெண்மையாகும்வரை அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் விடுக. பிரிவு எல்லாம் கூடற்பொருட்டே என்பது திணை மரபு. சூடான ரொட்டியும் ஹம்முஸும் கூடுமிடத்தில் ஆய்வாளன் நின்றுகொண்டிருப்பது முறையன்று.