கிலோமீட்டர் வள்ளல்கள்

பெட்ரோல் காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நடுவில் மேல்மருவத்தூர் என்று ஓர் ஊர், உளுந்தூர்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பது பெயர்ப்பலகையைப் படித்தால்தான் அவர்களுக்குத் தெரியும். மின்காரில் போகிறவருக்கு இந்தக் குறை கிடையாது. எந்த ஓட்டலின் பின்பக்கத்தில், எந்த வேப்பமரத்தடியில் சார்ஜர் பெட்டி நிற்கிறது, அவற்றில் எதற்கு உயிர் இருக்கிறது, எது போய்ச் சேர்ந்து எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த மண்ணை இவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொடுத்த புண்ணியவான்களுக்கு இதுவரை யாரும் ஒரு பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

முதல் பொன்னாடை, தூரத்தை அளந்து சொல்கிறவர்களுக்கு. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்த எண் சும்மா வந்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள்மேல் ஏற்றி நிறுத்தி, இந்தியச் சாலைகளுக்கென்றே வகுத்த கால அட்டவணைப்படி சக்கரங்களைச் சுழலவிட்டு, முறைப்படி எடுக்கிறார்கள். அங்கே எட்டுகிற உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏசி கிடையாது. எதிர்க்காற்று கிடையாது. மாமனார், மாமியார், அவர்கள் ஊருக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டை எதுவும் கிடையாது. இத்தனை இடைஞ்சல்களையும் விலக்கிவிட்டு ஒரு காரின் தூய ஆன்மாவை அளக்கத் தெரிந்தவர்களை வெறும் பொறியாளர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சில நிறுவனங்கள் இப்போது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. சான்றிதழில் உள்ள எண் ஒன்று, சாலையில் நிஜமாகக் கிடைக்கக்கூடிய எண் ஒன்று என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுகின்றன. உண்மைக்கென்று தனி எண் ஒதுக்கும் நேர்மை வேறு எந்த வியாபாரத்தில் உண்டு? பால் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று இரண்டு அளவையும் வாசலில் எழுதி மாட்டிய பால்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எனக்குக் கார் விற்ற தம்பி இந்தப் பரம்பரையில் வந்தவர். “சார், சென்னை டு திருச்சி ஒரே சார்ஜ். அசால்ட்டா போயிடும்” என்றார். வண்டிக்குப் போட்டிருந்தது 450 கிலோமீட்டர். திருச்சி 330 சொச்சம். கழித்தல் தெரிந்த யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது டேஷ்போர்டு காட்டும் எண்ணுக்கு ஒரு தாராள மனசு இருக்கிறது. நேற்றுவரை ஊருக்குள் ஊர்ந்துகொண்டிருந்த கணக்கை வைத்து, இன்றைக்கும் அப்படியே ஊர்வீர்கள் என்று நம்பி வாரிக் கொடுக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டி வேகம் 110-ஐத் தொட்டதும்தான் அதற்கு உலகம் புரிகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. 80-இல் போகும்போது இருந்ததைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு 110-இல் முட்டும். நாம் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எண் ஒன்றரை கிலோமீட்டர் இறங்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில் இவ்வளவு கறார் காட்டுவதை வட்டிக்கடையில்கூடப் பார்க்க முடியாது.

இதனால் விளையும் நற்குணங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவர். முன்சீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தவர் விழுப்புரம் வரும்போது கேட்டார்: “மாப்ள, இந்த ஏசிய நிறுத்துனா எவ்வளவு மிச்சமாகும்?”

“பதினஞ்சு கிலோமீட்டர் இருக்கும் மாமா.”

“அப்ப நிறுத்திருங்க. நாங்க வேர்த்துக்கிறோம்.”

மே மாதம். ஜன்னலைத் திறக்கலாமென்றால், திறந்த ஜன்னலும் காற்றைத் தடுத்துச் சார்ஜைத் தின்னும். பின்சீட்டில் மாமியார் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தார். 1899-இல் பாரிஸுக்கு அருகே, உலகத்திலேயே முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் ஒரு மின்கார்தான். ஓட்டியவர் காமில் ஜெனாட்ஸி. அந்த அவசரபுத்தியெல்லாம் இப்போது இல்லை. நாங்கள் 60-இல், கரும்பு லாரிக்குப் பின்னால், அடக்க ஒடுக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அரசின் கொள்கையும். நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, அதுவும் சாலையின் இருபக்கமும் சார்ஜிங் நிலையம் இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. 2023 மார்ச்சில், மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 7,432 விரைவு நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கியாயிற்று. தாளில் படித்தால் வண்டியை எடுக்கவே மனம் துடிக்கும். பெட்ரோல் விற்கிறவர்கள் கையிலேயே பெட்ரோலுக்கு மாற்றானதையும் ஒப்படைத்த துணிச்சலை நினைத்து நினைத்து வியக்கிறேன். மாமியாரிடம் மருமகளுக்கு வரன் பார்க்கச் சொல்வதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் நெடுஞ்சாலைகளை இரட்டை அர்த்தமில்லாமலே பாராட்டிவிடலாம். சுங்கச்சாவடி. 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது விதி. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். எந்த மழையிலும், எந்த மின்வெட்டிலும், நள்ளிரவு மூன்று மணிக்கும் அந்தக் கருவி நம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன வில்லையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு பணத்தை எடுத்துவிடுகிறது. ஆப் திற, ஓடிபி கொடு என்று படுத்துவதில்லை. ‘பராமரிப்பில் உள்ளது’ என்று பலகை மாட்டி நான் பார்த்ததில்லை. எடுக்கத் தெரிந்த நாட்டுக்குக் கொடுக்கத் தெரியாமல் போகுமா?

உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் நாங்கள் கண்டடைந்த முதல் சார்ஜர் ஆப்பில் பச்சைப் புள்ளியாக மின்னியது. நேரில் போனால் திரையில் ‘கம்யூனிகேஷன் எரர்’. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் விளக்கினார்: “அது மூணு நாளா அப்படித்தான் சார் இருக்கு. ஆப்புல பச்சையாத்தான் காட்டும். ஆப்புல ஒரு கொறையும் இல்ல.” உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் இசையோடு பலமுறை உறுதி சொன்னது. பிறகு வந்தவர் சிவப்புப் பொத்தானை அழுத்தி விடச் சொன்னார், பிரேக்கரை இறக்கி ஏற்றச் சொன்னார், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சாவி வைத்திருப்பவர் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். புகார் எண் ஒன்று தந்தார்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்ததில் இந்தக் குறையெல்லாம் இல்லை, நல்ல நிலையில் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெரிய டீசல் வண்டி நின்றது. உரிமையாளர் உள்ளே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “போட்டுக்கங்களேன், நான் என்ன வேணாம்னா சொன்னேன்?” என்றார் மிகுந்த பெருந்தன்மையோடு. கேபிள் எட்டாது என்பதை அவர் கை கழுவி, பீடா போட்டு, வந்து பார்த்து ஒப்புக்கொள்ள அரைமணி ஆயிற்று. அதற்குள் நான் அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆப், ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரு வாலட், ஒவ்வொரு வாலட்டிலும் முன்கூட்டியே நம் பணம். தமிழ்நாட்டில் ஒரு மின்கார்க்காரர் வங்கியில் வைத்திருப்பதைவிட வாலட்டுகளில் அதிகம் வைத்திருப்பார். காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்குப் பொதுநிலையத்தில் சார்ஜ் ஏற்றினால் 18 சதவீதம். மின்கார் வாங்குவதைத்தான் ஊக்குவிக்கிறார்கள், ஓட்டுவதை அல்ல என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெளிவாக இருக்கிறது. இதற்குமேலும் ஒளிவுமறைவற்ற அரசை எங்கே தேடுவது! ஓடிபி வந்தது, 500 ரூபாய் வங்கியிலிருந்து போனது, வாலட்டுக்கு வந்து சேரவில்லை. ஏழு வேலை நாட்களில் திரும்பிவிடும் என்று செய்தி மட்டும் உடனே வந்தது.

பெரம்பலூரை ஒட்டி மூன்றாவது. திரை எரிந்தது, முன்னால் யாரும் நிற்கவில்லை, காவலாளி வணக்கம்கூடச் சொன்னார். சார்ஜர் கன்னை எடுத்துச் சொருகினால் பொருந்தவில்லை. மின்வாகனங்கள் வரத் தொடங்கிய காலத்தில் ‘பாரத் டிசி’ என்று 15 கிலோவாட்டில் ஒரு தரம் வகுத்தார்களே, அந்த வகை. இன்றைய கார்களில் இருப்பதோ சிசிஎஸ்-2. பழம்பொருளைப் பெயின்ட் உதிராமல், விளக்கு எரியவிட்டு, மின்கட்டணம் கட்டிப் பேணும் பண்பாடு நம்மிடம் இன்னும் இருக்கிறது. “கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் மட்டும் வந்து போட்டுட்டுப் போவாரு சார், பழைய வண்டி” என்றார் காவலாளி. அந்தப் பக்தரை ஒருநாள் பார்க்க வேண்டும்.

மீதம் 7 சதவீதம். மாமனார் பஸ் டிரைவர் புத்தியில் யோசித்து, சாலையோர டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். கடைக்காரம்மா எதுவும் கேட்கவில்லை. கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “இதுல போட்டுக்கங்கண்ணே” என்றார். அதில் ஒரு மணி நேரம் ஏற்றினால் 15, 20 கிலோமீட்டராவது தேறும். ஆனால் காரோடு கொடுத்த சார்ஜருக்குத் தராதரம் உண்டு. அந்தக் கடையின் மின்இணைப்பில் எர்த் சரியில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிட்டது. கண்ட இடத்தில் கை நனைக்காத ஆசாரம்! டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் அந்த அம்மா. அவர் எந்த வழிகாட்டுதலையும் படித்தவராகத் தெரியவில்லை.

பாடாலூருக்கு முன்னால் டேஷ்போர்டில் ஆமை படம் வந்தது. சக்தியைக் குறைத்துவிட்டேன், இனி மெதுவாகத்தான் போக முடியும் என்பதற்கு அடையாளம். எங்களை முந்திப்போன டிவிஎஸ் எக்ஸெல் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். சற்றைக்கெல்லாம் ஆமையும் நின்றது.

மின்காரைக் கயிறு கட்டி இழுக்கக்கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று கெடுதல் வரலாம். தூக்கி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கென ஒரு டீசல் லாரி வந்தது. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு, தன் முதுகில் சுற்றுச்சூழல் நட்பு வாகனம் ஒன்றைச் சுமந்துகொண்டு அது புறப்பட்டபோது, மாமனார் லாரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று முழுக்க அவர் முகத்தில் காணாத மலர்ச்சி. “கியர் சத்தத்தக் கேட்டாலே தெம்பா இருக்கு மாப்ள.” வழியில் வந்த சுங்கச்சாவடியில் லாரிக்குப் பணம் போயிற்று, மேலே படுத்திருந்த என் காரின் பாஸ்டேக்கிலிருந்தும் போயிற்று. நான்தான் சொன்னேனே, அந்தக் கருவி தவறுவதே இல்லை.

திருச்சியில் இறங்கியதும் கார் விற்ற தம்பிக்குப் போன் செய்தேன். சென்னையில் ஏற்றியதற்குப் பிறகு ஒரு யூனிட்கூட ஏற்றவில்லை, நீங்கள் சொன்னபடியே ஒரே சார்ஜில் திருச்சி வந்து சேர்ந்துவிட்டோம் என்றேன்.

“நான்தான் அப்பவே சொன்னேனே சார்” என்றார். “ரிவ்யூல அஞ்சு ஸ்டார் போட்டுருங்க.”