கழுத்துப் பட்டியில் ஒரு மார்க் ஷீட்

பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் வேண்டும். அதைக் கழுத்துக்குப் பின்னால் ஓர் எழுத்தாகத் தைத்தே கொடுத்துவிடும் ரெடிமேட் கடைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தி.நகரில் முதல் கடையில் அவள் எம். நாலு கடை தள்ளி டபுள் எக்ஸெல். இடையில் குடித்தது ஒரு கரும்பு ஜூஸ். என்ன துரித வளர்ச்சி!

அமெரிக்காவில் 1958இல் அரசே பெண்கள் உடைக்கு அளவுத் தரம் வகுத்துப் பார்த்தது, 1983இல் கைவிட்டது. கம்பெனிகளோ துணியைப் பெரிதாக்கி எண்ணைச் சின்னதாக்கி, பூஜ்யத்துக்கு வந்து, அதுவும் போதாமல் இரட்டைப் பூஜ்யம் கண்டன. பூஜ்யத்தின் சொந்தக்காரர்கள் நாம், நமக்குத் தோன்றவில்லையே!

நம் பழைய தையற்காரருக்கு இங்கிதமே கிடையாது. டேப்பால் அளந்து, உடம்புக்குத் தக்கபடி வெட்டிவிடுவார். "வளர்ற பொண்ணு, ரெண்டு இன்ச் விட்டுத் தைங்கண்ணே" என்று அம்மாவும் ஒத்து ஊதுவார். பெண்ணுக்காகத் துணியைத் திருத்துவதா? துணிக்காகப் பெண்ணைத் திருத்துவதல்லவா நாகரிகம்!

ட்ரயல் ரூமிலிருந்து அழுத முகத்தோடு வந்த சிறுமிக்கு விற்பனைப் பெண் வாசல் பொம்மையைக் காட்டினாள்: "இதே எம்தான் பாப்பா, எவ்ளோ கச்சிதமா இருக்கு பாரு!"

சிறுமி பொம்மையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். முதுகு நெடுக ஏழு குண்டூசி.